சுவரில் சொக்கட், கையில் வயர் ஏறாத டெப்

கேள்வி: நான் ஹட்டனைச் சேர்ந்தவள். தேயிலைத் தொழிற்சாலைகளில் தரப் பரிசோதனை செய்யும் கம்பனியொன்றில் வேலை. மாதத்தில் சில நாட்கள் நுவரெலியாவில் பழைய ஹோட்டல் ஒன்றில் தங்க வேண்டியிருக்கிறது. அங்கே வைஃபை கீழே வரவேற்பு மண்டபத்தில் மட்டும்தான். அறைக்குள் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் நெட் வயர் செருகும் சொக்கட் இருக்கிறது. கம்பனி தந்த டெப்பில் சிம் போட இடமில்லை, வைஃபை மட்டும்தான். போன் சிக்னல் ஒரு கோடு வந்தாலே பெரிய விஷயம். ஒவ்வொரு இரவும் ஐம்பது, அறுபது படங்களோடு அறிக்கை அனுப்ப வேண்டும். கூட வேலை செய்யும் தம்பி ஒருநாள் தன் வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து அந்தச் சொக்கட்டில் மாட்டினார். எங்களுக்கும் நெட் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மற்ற அறைகளிலும் நெட் போய்விட்டதென்று ஆள் வந்து கழற்றச் சொன்னார்கள். என்ன பிழை விட்டோம்? ஒழுங்காகச் செய்ய என்ன வாங்க வேண்டும்? அலுவலக லெப்டொப் சில நாட்களில் கையில் இருக்கும், அதை வைத்து ஏதும் செய்யலாமா? அடுத்த மாதம் அப்புத்தளையில் தங்க வேண்டும். அறை பதியும்போது என்ன கேட்பது?

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

தம்பியின் யோசனையில் பிழையில்லை. கேபிளைச் செருகிய துவாரத்தில்தான் பிழை.

வீட்டு ரவுட்டரின் பின்புறத்தில் ஒரே மாதிரி நான்கு துவாரங்கள் வரிசையாக இருக்கும். அவை ‘லான்’ துவாரங்கள், வீட்டுச் சாதனங்களுக்கு நெட்டைக் கொடுப்பவை. வெளியிலிருந்து நெட்டை வாங்கும் துவாரம் வேறு. அதன் பக்கத்தில் டபிள்யூஏஎன் என்று பொறித்திருக்கும், பெரும்பாலும் நிறமும் வேறாக இருக்கும். வாயால் ‘வான்’ என்போம். ஆனால் தொலைபேசிக் கம்பியில் ஓடும் பழைய ஏடிஎஸ்எல் ரவுட்டர் என்றால் அதில் பெரும்பாலும் வான் துவாரமே இருக்காது. தொலைபேசி வயர் ஏறும் சின்னத் துவாரம்தான் அதன் வெளிவாசல், மிச்சம் நான்கும் லான். எதில் செருகினாலும் தம்பிக்கு நடந்ததுதான் நடக்கும்.

ரவுட்டர் ஒன்று தன் லான் பக்கம் வந்து சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு ஐபி முகவரி (வலைக்குள் அதை அடையாளம் காட்டும் இலக்கம்) கொடுத்து, “வெளியே போவதென்றால் என் வழியாகப் போ” என்று சொல்லிவைக்கும். டிஎச்சிபி என்பது இந்த வேலையின் பெயர். ஹோட்டலில் அதை ஹோட்டலின் ரவுட்டர் செய்துகொண்டிருக்கிறது. ஹோட்டல் கேபிளை உங்கள் லான் துவாரத்தில் செருகியதும் ஒரே வலையில் முகவரி கொடுக்க இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். பக்கத்து அறைக்காரரின் லெப்டொப் முகவரி கேட்டால், யார் முந்திப் பதில் சொல்கிறாரோ அவர் பேச்சையே அது கேட்கும். தம்பியின் ரவுட்டர் முந்தியிருந்தால் அந்த லெப்டொப் வெளிவாசல் இல்லாத பெட்டியிடம் போய் மாட்டிக்கொள்ளும். ஏற்கெனவே முகவரி வாங்கியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது, வலையில் திரும்பச் சேர்ந்து புதிதாக முகவரி கேட்கும்போதுதான் நெட் போகும். எல்லாருக்கும் ஒரேயடியாகப் போகாமல் ‘கொஞ்ச நேரத்தில்’ போனதற்குக் காரணம் இதுதான். அறைக் கேபிள்கள் எல்லாம் கீழே வந்து சேரும் பெட்டிக்குச் சுவிட்ச் என்று பெயர், இந்தக் குழப்பத்தைத் தடுக்கும் வசதி நல்ல சுவிட்சுகளில் உண்டு. உங்கள் ஹோட்டலில் அது இயங்கவில்லை என்பது தெரிந்துவிட்டதால், அங்கே இனிமேல் கூடுதல் கவனம் தேவை.

வாங்க வேண்டியது ஒரு ‘ட்ரவல் ரவுட்டர்’. உள்ளங்கைக்குள் அடங்கும், போன் சார்ஜரிலேயே ஓடும். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற கணினிக் கடைத் தொகுதிகளில் அந்தப் பெயரைச் சொல்லியே கேட்கலாம். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்802என் எளிமையானது, ஆனால் அதில் ஒரே ஒரு கேபிள் துவாரம்தான். ரவுட்டர் முறையில் வைத்தால் அதுவே வான், வேறு முறையில் வைத்தால் அதுவே லான். அதாவது முறையை மாற்றி வைத்தால் தம்பியின் கதை திரும்ப நடக்க வழியிருக்கிறது. டிஎல்-டபிள்யூஆர்902ஏசி என்ற அடுத்த மொடலில் 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபையும் உண்டு. ஓர் அறைக்குள் ஒரு டெப்புக்கு அது தேவையில்லை. உங்கள் வேலைக்கு நான் சொல்வது ஜிஎல்-ஐநெட் கம்பனியின் ‘மேங்கோ’, மொடல் பெயர் ஜிஎல்-எம்டி300என்-வி2. வானுக்கும் லானுக்கும் தனித்தனித் துவாரம், பெயரும் பொறித்திருக்கும். ஹோட்டல் லொகின் பக்கங்களைச் சமாளிக்கத் தேவையான விஷயங்கள் அதன் அமைப்புப் பக்கத்தில் தேடாமலே கிடைக்கும். துவாரங்கள் மூன்று மொடலிலும் 100 எம்பிபிஎஸ் தான். ஹோட்டல் அறைக்கு வரும் வேகத்துக்கு அதுவே அதிகம், கிகாபிட் என்று கடைக்காரர் சொன்னால் காசைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

ரவுட்டரோடு மூன்று மீட்டர் கெட் 5ஈ கேபிள் ஒன்றும் சொந்தமாக வைத்திருங்கள். ஹோட்டல் மேசை லாச்சியில் கிடக்கும் கேபிளில் பெரும்பாலும் பிளக்கின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கும். செருகினால் விளக்கு எரியும், மேசை சற்று அசைந்தால் அணையும். படம் பாதி ஏறி நிற்கும், நீங்கள் நெட் ஸ்லோ என்று நினைப்பீர்கள்.

ரவுட்டரை ஹோட்டலில் வைத்து முதன்முதலாகத் திறக்காதீர்கள். ஹட்டனில் வீட்டிலேயே ஒழுங்கு செய்து, டெப்பையும் பழக்கிக் கொண்டுபோங்கள். வீட்டு ரவுட்டரின் லான் துவாரம் ஒன்றிலிருந்து கேபிளை எடுத்து மேங்கோவின் வான் துவாரத்தில் செருகுங்கள். மின்சாரம் கொடுத்து ஓரிரு நிமிடம் பொறுத்தால் டெப்பின் வைஃபை பட்டியலில் அதன் பெயர் வரும். ஆரம்பப் பாஸ்வேர்ட் ‘குட்லைஃப்’, சின்ன ஆங்கில எழுத்தில். சேர்ந்ததும் பிரவுசரில் 192.168.8.1 என்று அடித்தால் அமைப்புப் பக்கம் திறக்கும். முதல் வேலையாக நிர்வாகப் பாஸ்வேர்ட் ஒன்று போடச் சொல்லும். அதன் பிறகு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், ‘குட்லைஃப்’ எல்லாருக்கும் தெரிந்த பாஸ்வேர்ட். பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாமல் போட்டு, பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 என்று வையுங்கள். டபிள்யூபிஏ3 புதிதுதான், ஆனால் சில வருடம் பழைய டெப்கள் அதில் சேரவே சேராது, காரணத்தையும் சொல்லாது. சனலை, அதாவது வைஃபை ஓடும் அலைவரிசையை, 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றாக வையுங்கள். 12, 13 வேண்டாம். அமெரிக்காவில் விற்பதற்கென்று செய்த சாதனங்கள் பலவற்றுக்கு அந்த இரண்டு சனலும் கண்ணுக்கே தெரியாது. வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பிய டெப்பில் ‘வைஃபை பெயரே வரவில்லை’ என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

டிபி-லிங்க் வாங்கினால் இன்னொரு வேலையும் இருக்கிறது. முதல் அமைப்பில் எந்த முறை என்று கேட்கும், ‘வயர்லெஸ் ரவுட்டர்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள், ‘அக்சஸ் பொயின்ட்’ அல்ல. இணைப்பு வகைக்கு ‘டைனமிக் ஐபி’. வீட்டு நெட்டுக்குப் பயன்படும் பிபிபிஓஈயைத் தெரிவு செய்தால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டுக்கொண்டே நிற்கும். அதன் உள் முகவரி 192.168.0.1. ஹோட்டலும் அதே 192.168.0 வரிசையில் முகவரி கொடுத்தால் எது உள்ளே, எது வெளியே என்று ரவுட்டருக்குத் தெரியாமல் போகும். வைஃபை முழுக்கோடு காட்டும், ஒரு பக்கமும் திறக்காது. வீட்டிலிருக்கும்போதே லான் முகவரியை 192.168.77.1 போல யாரும் வைக்காத ஒன்றாக மாற்றிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. மேங்கோ 192.168.8 வரிசையில் இருப்பதால் மோதல் அபூர்வம்.

இனி ஹோட்டல் அறை. எதையும் செருக முதல் சுவரைப் பாருங்கள். பழைய ஹோட்டல்களில் தொலைபேசிச் சொக்கட்டும் நெட் சொக்கட்டும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். போனில் இருக்கும் டோர்ச்சை அடித்து உள்ளே பாருங்கள்: நெட் சொக்கட்டில் எட்டுச் செப்புக் கம்பிகள், அகலமான வாய். தொலைபேசிச் சொக்கட்டில் இரண்டோ நான்கோ கம்பிகள், ஒடுக்கமான வாய். நெட் பிளக் தொலைபேசிச் சொக்கட்டுக்குள் போகாது, அதனால் அந்தப் பக்கத்தில் ஆபத்தில்லை. மறுபுறமாக, தொலைபேசி வயரின் சின்னப் பிளக் நெட் துவாரத்துக்குள் தாராளமாகப் போகும். போய் ஓரத்துக் கம்பிகளை அமுக்கி வளைத்துவிடும். தொலைபேசிக் கம்பியில் சும்மா இருக்கும்போதே 48 வோல்ட் அளவில் நேர்மின்னோட்டம் நிற்கும், மணி அடிக்கும்போது அதன் மேல் 75, 90 வோல்ட் மாறுமின்னோட்டமும் வரும். ரவுட்டரின் துவாரம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

பளிச்சென்ற பொன் நிறத்துக்குப் பதிலாகக் கம்பிகளில் பச்சைப் பூச்சுப் போலத் தெரிந்தால், அது நம் மலைப்பகுதி ஈரத்தின் வேலை. பிளக்கை நாலைந்து தரம் செருகி எடுத்தால் பல வேளை சரியாகும், ஐசோபுரோபைல் அற்ககோல் தொட்ட சின்னத் தூரிகை இருந்தால் இன்னும் நல்லது. ஊசியால் சுரண்ட வேண்டாம், தங்க முலாம் போய்விடும், அதற்குப் பிறகு அந்தச் சொக்கட் தேறாது.

கேபிளைச் சொக்கட்டில் ‘டக்’ என்று சத்தம் கேட்கும்வரை செருகி, மறுமுனையை ரவுட்டரின் வான் துவாரத்தில் செருகுங்கள். லெப்டொப் இருந்தால் முதலில் அதில் செருகிப் பார்ப்பது நல்லது, அதன் துவாரத்தில் பச்சை அல்லது செம்மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் ரவுட்டரில் எதை மாற்றினாலும் பயனில்லை. அதிகம் காணப்படும் காரணம், சுவருக்குள் கேபிள் இருக்கிறது, ஆனால் அதன் மறுமுனை கீழே சுவிட்சில் செருகப்படவில்லை. வைஃபை வந்த பிறகு பல ஹோட்டல்கள் அறைக் கேபிள்களைக் கழற்றிவிட்டு, அந்தச் சுவிட்ச் துவாரங்களைக் கமராவுக்கும் பில் போடும் கணினிக்கும் கொடுத்துவிட்டன. ரிசப்ஷனில் “நெட் வேலை செய்யவில்லை” என்று சொன்னால் வைஃபை பாஸ்வேர்டைத் திரும்ப எழுதித் தருவார்கள். “அறை இலக்கத்தின் நெட்வேர்க் போர்ட் சுவிட்சில் பெச் பண்ணியிருக்கிறதா, கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அது சரியான ஆளின் காதுக்குப் போகும், வேலை ஐந்து நிமிடம்.

அதே வேளையில் சொந்தமாக ரவுட்டர் வைக்கலாமா என்றும் கேட்டுவிடுங்கள். ஒருமுறை குழப்பம் நடந்த இடம் என்பதால், இந்த முறை முகவரி வழங்குவது உங்கள் பக்கத்துக்கு மட்டும்தான், ஹோட்டல் கேபிள் வான் துவாரத்தில் ஏறும் என்று அவர்களின் நெட்வேர்க் பார்ப்பவருக்குச் சொன்னால் பெரும்பாலும் ஆட்சேபிக்க மாட்டார். சாதனத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் ஹோட்டலாக இருந்தால் மட்டும் அவர்கள் சம்மதமில்லாமல் பகிர வேண்டாம்.

செருகக் கூடாத கேபிள்கள் சிலவும் உண்டு. டிவியின் பின்னால் இருக்கும் பெட்டிக்குப் போகும் கேபிளை இழுத்துப் போட்டால் அது டிவிக்கென்று பிரித்த வலையாக இருக்கலாம். விளக்கு எரியும், நெட் வராது, டிவியும் போகும். கூரையில் வட்டமாக இருக்கும் வைஃபை பெட்டியின் கேபிளைத் தொடவே வேண்டாம். சிலவற்றில் கேபிள் வழியாகவே 24 வோல்ட் மின்சாரம் கேள்விமுறை இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், சின்ன ரவுட்டர் அதற்குத் தாக்குப் பிடிக்காமல் போகலாம்.

விளக்கு எரிந்தும் டெப் ‘இன்டர்நெட் இல்லை’ என்று சொல்லலாம். ஹோட்டலின் லொகின் பக்கம் இன்னும் வராமல் இருப்பதுதான் அநேகமாகக் காரணம். இங்கே நடப்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால் பல மணித்தியாலம் மிச்சமாகும். நம் தோட்டங்களில் லயத்துக்காரர் எல்லாருக்கும் தோட்டத்தின் ஒரே தபால் முகவரி, கடிதம் அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்து பிரிந்து போகும். ட்ரவல் ரவுட்டரும் அதே முறைதான். பின்னால் டெப், போன், லெப்டொப் எத்தனை இருந்தாலும் ஹோட்டல் காண்பது ரவுட்டரின் ஒரு முகவரியை மட்டும். அந்த முகவரி மெக் எனப்படும் பன்னிரண்டு எழுத்து, மேலே சொன்ன ஐபி அல்ல, சாதனத்தைச் செய்யும்போதே அதற்குப் போட்ட அடையாளம். டெப்பிலிருந்து அறை இலக்கத்தையும் பெயரையும் அடித்து லொகின் செய்தால் ஹோட்டலின் பதிவில் ஏறுவது ரவுட்டரின் மெக். அதன் பிறகு அதே ரவுட்டருக்குப் பின்னால் எது வந்தாலும் திரும்ப லொகின் கேட்காது. அக்சஸ் பொயின்ட் முறையில் வைத்தால் இந்த வசதி போய்விடும், ஒவ்வொரு சாதனமும் தனித்தனியாக ஹோட்டலின் முன்னால் போய் நிற்கும். அதனால்தான் அந்த முறை வேண்டாம் என்றேன்.

லொகின் பக்கம் தானாக எழும்பாவிட்டால் இந்த ஒழுங்கில் பாருங்கள். டெப் ‘இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை, தொடர்ந்து இருக்கவா?’ என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது தானாகக் கழன்றுவிடும். கம்பனி வலைக்குப் பாதுகாப்பாகப் போகும் விபிஎன் இணைப்பு ஓடினால் நிறுத்துங்கள். அன்ட்ரொயிட் அமைப்பில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற இடத்தில் ஏதாவது பெயர் போட்டிருந்தால் ‘ஒஃப்’ ஆக்குங்கள். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைச் சொல்லி அதன் ஐபி முகவரியைக் கேட்கும் வேலை. ஹோட்டலின் பெட்டி அந்தக் கேள்வியை இடைமறித்துத்தான் லொகின் பக்கத்தைக் காட்டும், பிரைவேட் டிஎன்எஸ் அந்த இடைமறிப்பைத் தடுத்துவிடும். பூட்டுப் படம் போட்ட எச்டிடிபிஎஸ் தளங்களையும் இடைமறிக்க முடியாது. ஆகவே கூகிளையும் பேஸ்புக்கையும் திறந்து திறந்து பார்ப்பதில் பயனில்லை. பூட்டில்லாத ஒரு தளம் வேண்டும். ‘நெவர்எஸ்எஸ்எல் டொட் கொம்’ இந்தத் தேவைக்கென்றே வைத்திருக்கும் தளம், ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் பகுதிக்குக் கீழே ‘கேட்வே’ என்று ஒரு இலக்கம் இருக்கும். அந்த இலக்கத்தையே பிரவுசரில் அடித்தால் பல ஹோட்டல்களில் லொகின் பக்கம் வந்துவிடும். மேங்கோவில் ‘டிஎன்எஸ் ரீபைண்டிங்’ பாதுகாப்பு என்று ஒரு பட்டன் உண்டு. லொகின் பக்கம் ஹோட்டலின் உள் முகவரியில் இருந்தால் அது அந்தப் பக்கத்தைச் சந்தேகப்பட்டு மறைத்துவிடும், லொகின் முடியும்வரை அணைத்து வையுங்கள்.

சில இடங்களில் லொகின் பக்கமே இருக்காது, மெக் இலக்கத்தை ரிசப்ஷனில் கொடுத்துப் பதிய வேண்டும். டெப்பின் இலக்கத்தைக் கொடுத்துவிடாதீர்கள், ரவுட்டரின் வான் மெக்கைக் கொடுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பது பெரும்பாலும் லான் மெக். வான் மெக்கில் கடைசி எழுத்து ஒன்று மட்டும் வேறாக இருக்கலாம். நிலைப் பக்கத்தில் வான் என்ற தலைப்புக்குக் கீழே இருப்பதைப் பார்த்தே எழுதிக் கொடுங்கள். அலுவலக லெப்டொப்பை ஏற்கெனவே அந்த அறையில் வயரில் பதிந்திருந்தால், அதன் மெக்கை ரவுட்டரில் ‘மெக் குளோன்’ என்ற இடத்தில் போட்டாலும் வேலை நடக்கும். ஒரு நிபந்தனை: அதே நேரம் லெப்டொப்பை ஹோட்டலின் இன்னொரு துவாரத்தில் செருகக் கூடாது, ஒரே மெக் இரண்டு இடத்தில் தெரிந்தால் இரண்டுக்கும் நெட் விட்டுவிட்டு வரும். லெப்டொப்பின் வைஃபைக்கும் வயர் துவாரத்துக்கும் மெக் வேறு வேறு என்பதையும் கவனியுங்கள், எடுக்க வேண்டியது ‘ஈதர்நெட்’ என்றிருப்பதன் கீழ் உள்ளதை. மறுநாள் காலை நெட் இல்லாமல் போனால் பயப்பட வேண்டாம், 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை லொகின் கேட்கும் ஹோட்டல்கள் பல.

லெப்டொப் கையில் இருக்கும் நாளில் ரவுட்டரே தேவையில்லை. கேபிளை லெப்டொப்பில் செருகி, முதலில் லெப்டொப்பின் பிரவுசரிலேயே ஹோட்டல் லொகினை முடியுங்கள். பிறகு விண்டோஸ் 10 அல்லது 11 இல் அமைப்புகளுக்குள் நெட்வேர்க் பகுதியில் ‘மொபைல் ஹொட்ஸ்பொட்’டைத் திறந்து, பகிர்வது ஈதர்நெட்டிலிருந்து, பகிரும் வழி வைஃபை என்று தெரிவு செய்து இயக்குங்கள். எட்டுச் சாதனங்கள் வரை சேரலாம். டெப் பழசென்றால் பேண்டை 2.4 கிகாஹேர்ட்ஸ் ஆக மாற்றுங்கள். அதிகம் நடக்கும் கோளாறு இரண்டு. மூடியை மூடியதும் லெப்டொப் தூங்கிவிடும், டெப்பில் ஏறிக்கொண்டிருக்கும் அறிக்கையும் நிற்கும். மின்சார அமைப்பில் மூடி மூடும்போது ‘ஒன்றும் செய்யாதே’ என்று வையுங்கள். இரண்டாவது, யாரும் சேராமல் சில நிமிடம் இருந்தால் ஹொட்ஸ்பொட் தானாக அணையும், அதற்கும் அதே பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கிறது. அலுவலக லெப்டொப் என்பதால் ஐடி பிரிவு ஹொட்ஸ்பொட்டையே பூட்டி வைத்திருக்கவும் கூடும், பயணத்துக்கு முதல் வீட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மெலிந்த லெப்டொப்களில் நெட் துவாரம் இருப்பதில்லை, யூஎஸ்பி டொங்கிள் வேண்டும்.

அந்த டொங்கிளை டெப்பிலேயே செருகலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். டெப்பில் சி வகைத் துவாரம் இருந்து, அதில் வெளிச் சாதனங்களை ஏற்கும் ஓடிஜி வசதியும் இருந்தால் செருகலாம். ரியல்டெக் ஆர்டிஎல்8153 அல்லது ஏஎக்ஸ்88179 சிப் போட்ட டொங்கிள் பல அன்ட்ரொயிட் டெப்களில் தானாகவே இனங்காணப்படும். சி வகை ஐபேட்களிலும் அமைப்பில் ‘ஈதர்நெட்’ என்று ஒரு வரி புதிதாக வரும். மலிவான டெப்களில் அந்தத் துவாரம் சார்ஜ் செய்ய மட்டும்தான், டொங்கிளில் விளக்கு எரியாவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். இந்த வழியில் டெப் மேசையோடு கட்டுண்டு கிடக்கும், சார்ஜ் போடவும் இடமிருக்காது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் டொங்கிள் விலை கூட. டொங்கிள் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பையில் போடுங்கள், புதிதாக வாங்குவதென்றால் ரவுட்டரையே வாங்குங்கள்.

மின்சாரத்தில் இரண்டு எச்சரிக்கை. மேங்கோவுக்கும் 802என்னுக்கும் 5 வோல்ட் 1 அம்பியர் வேண்டும். டிவியின் யூஎஸ்பி துவாரத்தில் பல வேளை அரை அம்பியர்தான் கிடைக்கும், வைஃபை பாரம் ஏறும்போது ரவுட்டர் அணைந்து அணைந்து எழும்பும். போன் சார்ஜரையே பயன்படுத்துங்கள். அறைச் சுவரில் பழைய வட்டப் பின் சொக்கட்டா 13 அம்ப் சதுரப் பின் சொக்கட்டா என்று போய்த்தான் தெரியும், இரண்டுக்கும் பொருந்தும் அடப்டர் ஒன்று பையில் இருக்கட்டும். கரண்ட் அடிக்கடி போகும் இடமென்றால் 10,000 மில்லி அம்பியர் பவர் பேங்க் ஒன்றே இந்த ரவுட்டரைப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டும். ஆனால் கீழே ஹோட்டல் சுவிட்சுக்கு ஜெனரேட்டர் இல்லாவிட்டால் உங்கள் பவர் பேங்க் இருந்தும் நெட் வராது.

மற்றது மின்னல். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதப் பின்னேரங்களில் மலைநாட்டில் இடி மின்னல் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வானம் இருண்டதும் சார்ஜரைக் கழற்றுபவர்கள் நெட் கேபிளை மறந்துவிடுகிறார்கள். கட்டடத்துக்குக் கட்டடம் வெளியால் இழுத்த கேபிள் என்றால் மின்னழுத்தம் அந்த வழியாகத்தான் முதலில் வரும். சுவரிலிருந்து கேபிளையும் உருவிவிடுங்கள், ரவுட்டர் போனாலும் டெப் போகக் கூடாது என்பதற்காகவாவது.

படங்களைப் பற்றி. அறுபது படம், ஒன்று 4 மெகாபைட் என்றால் மொத்தம் 240 மெகாபைட். ஏற்றும் வேகம் 1 எம்பிபிஎஸ் என்றால் 32 நிமிடம், 4 எம்பிபிஎஸ் என்றால் 8 நிமிடம். ஹோட்டல் இன்னும் ஏடிஎஸ்எல் கம்பியில் இருந்தால் இறக்கும் வேகம் என்ன சொன்னாலும் ஏற்றும் வேகம் 1 எம்பிபிஎஸ் அளவைத் தாண்டுவது கடினம், அதையும் எல்லா அறைகளும் பங்கு போடும். எடுக்கும்போதே கமராவின் அளவைக் குறைத்து ஒரு படம் அரை மெகாபைட்டுக்கு வந்தால் அறுபதும் 30 மெகாபைட், அதே மெதுவான கம்பியில் நான்கு நிமிடம். கொழுந்து வாட்டும் தொட்டியையும் ரோலரையும் காட்டும் படத்துக்கு அந்த அளவு தாராளம். லேபல் எழுத்து வாசிக்க வேண்டிய படங்களை மட்டும் முழு அளவில் எடுங்கள். ஏறி முடியும்வரை டெப்பின் திரை அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சில செயலிகள் திரையோடு சேர்ந்து தூங்கிவிடும்.

அப்புத்தளைக்கு அறை பதியும்போது “வைஃபை இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள். இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், அது எந்த மூலையில் என்று சொல்ல மாட்டார்கள். அறைக்குள் வைஃபை எடுக்குமா, இல்லையென்றால் அறையில் வேலை செய்யும் நெட்வேர்க் போர்ட் இருக்கிறதா, இணைப்பு ஃபைபரா தொலைபேசிக் கம்பியா 4ஜியா, லொகின் அறைக்கா சாதனத்துக்கா என்று கேளுங்கள். போர்ட் இல்லையென்று சொன்னாலும் ரவுட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டாம். மேங்கோவில் ‘ரிப்பீட்டர்’ என்று ஒரு முறை உண்டு. மண்டபத்து வைஃபை உங்கள் அறைக் கதவடி வரைக்கும் மெலிதாக எட்டினால், ரவுட்டரைக் கதவோரம் பவர் பேங்க்கில் வைத்து அந்த வைஃபையை வாங்கி உள்ளே கொடுக்கச் செய்யலாம். வேகம் வயரைப் போல இருக்காது, ஆனால் 30 மெகாபைட் அறிக்கைக்குப் போதும். அந்த முறையிலும் லொகின் விஷயம் மேலே சொன்னது போலவேதான்.